பந்தாடும் பெண்ணும் பந்தான பெண்ணும்

தாயக்கட்டம் வரைந்த திண்ணைகள் போய்விட்டன. பல்லாங்குழிப் பலகை பரணில் கிடக்கிறது; சோழிகள் எங்கே போயின என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது விளையாட்டு என்றால் அது கைபேசிக்குள் நடக்கிற விளையாட்டுத்தான். "இன்னும் ஒரே ஒரு மேட்ச், அம்மா!" என்று பையன் கெஞ்சுவதும், அந்த ஒரே ஒரு மேட்ச் முடிவதற்குள் தட்டிலே தோசை ஆறிப் போவதும் உங்கள் வீட்டிலும் நடக்கிற கதை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கண் கெடும், படிப்புக் கெடும், பணம் போகும் என்ற மூன்று கவலைகளைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியாயிற்று. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியா முழுவதற்குமாக 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்திருக்கின்றன. ஆகவே அந்த மூன்றையும் இந்த வாரம் விட்டுவிடலாம். நாலாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சின்னத் திரைக்குள்ளே ஓடுகிறாளே, குதிக்கிறாளே, துப்பாக்கி சுடுகிறாளே ஒரு பெண், அவள் யார்? அவளை ஏன் அப்படி உடுத்தி வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான் அல்ல. பாளையங்கோட்டையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஓர் ஆச்சிதான் கேட்டாள்.

"ஏல, இவனுக்கெல்லாம் நெஞ்சை மறைக்கக் கவசம் மாட்டியிருக்கு. இவளுக்கு மட்டும் என்னல, குண்டு படாதாக்கும்?"

"கேம்ல அப்படித்தான் ஆச்சி இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்னு யாரு சொன்னா? துணிக்குப் பஞ்சமா?"

பேரன் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அக்காள் சிரிக்கவில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண். அவளும் அந்த ஆட்டத்தை ஆடுகிறவள்தானாம். "நான் பையன் பேர்லதான் ஆடுவேன். மைக்கை ஆன் பண்ணவே மாட்டேன்" என்றாள் மெதுவாக. ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் தேடித்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெண்ணின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம்.

1986-ல் ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி 'மெட்ராய்ட்' என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்ட ஒரு வீரன் விண்வெளியில் அரக்கர்களோடு போரிடுகிறான். கடைசியில்தான் ரகசியம் வெளியாகும்: அவன் அல்ல, அவள்! சாமஸ் என்ற பெண். அந்த நாளில் இது பெரிய புதுமை. கைதட்டி வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் கூடவே ஓர் ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ, அவ்வளவுக்கு அவள் உடை குறையும். நன்றாக ஆடினால் தலைக் கவசம் போகும். மிக மிக விரைவாக முடித்தால் நீச்சல் உடையில் வந்து நிற்பாள். வீரப் போர் புரிந்தவள் அவள், பரிசு ஆடியவனுக்கு, பரிசுப் பொருளும் அவளே!

பத்து வருஷம் கழித்து, 1996-ல், இங்கிலாந்திலிருந்து வந்தாள் லாரா கிராஃப்ட். 'டூம்ப் ரெய்டர்' என்ற ஆட்டத்தின் நாயகி. படித்தவள், பழம்பொருள் ஆராய்ச்சிக்காரி, பாழடைந்த கோயில்களிலும் குகைகளிலும் தன்னந்தனியாகப் புகுந்து வருகிறவள். அவளுடைய தைரியத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட உடம்பின் அளவைப் பற்றிப் பேசியவர்களே அதிகம். விளம்பரமும் அதையே முன்னால் வைத்தது. அவளை உருவாக்கிய டோபி கார்ட் என்பவருக்கு இந்த விளம்பரப் போக்கு உடன்பாடாக இல்லை. அடுத்த ஆண்டே அவர் கம்பெனியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். பெற்றவனுக்கே பிள்ளை மேல் உரிமை இல்லாமல் போயிற்று!

2016-ல் நடந்தது இன்னொரு சம்பவம். 'ஓவர்வாட்ச்' என்ற ஆட்டத்தில் டிரேசர் என்று துடுக்கான, விளையாட்டுத்தனமான ஒரு பெண் வருகிறாள். வெற்றி பெற்றவுடன் அவள் நிற்கும் நிலைகளில் ஒன்று, பின்புறத்தைக் காட்டித் திரும்பிப் பார்க்கிற மாதிரி அமைந்திருந்தது. ஆட்டக்காரர் ஒருவர் கம்பெனிக்கு எழுதினார். அவருக்குச் சின்னப் பெண் குழந்தை ஒன்று உண்டு. அந்தக் குழந்தைக்கு இந்த ஆட்டத்து முன்னோட்டப் படம் என்றால் உயிர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மற்ற பெண் பாத்திரங்களில் ஒருத்தி அப்படி நின்றால் அது அவள் குணத்துக்குப் பொருந்தலாம், இந்தப் பெண்ணுக்கும் அந்த நிலைக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனி அந்த நிலையை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தது. ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்துக்கு இவ்வளவு பலன் உண்டு என்று தெரிந்து கொள்ளுங்கள்.

ஆனால் கடிதம் எழுதித் திருத்தக் கூடியது படத்தை மட்டுந்தான். அதே கம்பெனியின் மேல், பெண் ஊழியர்களைச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சமாக நடத்தியதாக 2021-ல் கலிபோர்னியா அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 2023-ல் ஏறக்குறைய 5 கோடியே 40 லட்சம் டாலர் கொடுப்பதாக உடன்பாடு ஆயிற்று. படம் வரைகிற அறையில் பெண்ணுக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதற்கும், படத்திலே பெண் எப்படி நிற்கிறாள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று நம்மால் நினைக்க முடியவில்லை.

"இதெல்லாம் ஏன் செய்கிறார்கள்?" என்று கேட்டால் பதில் மிகவும் சுலபம். வியாபாரம். கைபேசி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இலவசமாகவே இறக்கிக் கொள்ளலாம். அப்படியானால் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? ஆட்டத்துக்குள்ளே ஒரு கடை இருக்கிறது. அங்கே 'ஸ்கின்' என்ற பெயரில் பாத்திரங்களுக்கு விதவிதமான உடைகளை விற்கிறார்கள். சில ஆட்டங்களில் பெண் பாத்திரத்தையே குலுக்கல் சீட்டுப் போல விற்கிறார்கள். காசைப் போட்டுக் குலுக்க வேண்டியது, அவள் வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் மறுபடியும் காசு. இந்த மாதிரிக் குலுக்கலில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018-ல் பெல்ஜியம் நாடு தீர்மானித்தது. நம்மூர் வடக்கு ரத வீதியில் ஜவுளிக் கடை வாசலில் ஒரு பொம்மை நிற்கிறது. அது புடைவையை விற்கிறது. இந்த ஆட்டத்துப் பொம்மையோ தன்னைத்தானே விற்றுக் கொண்டு நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே சில பேர் குறுக்கிடுவார்கள். "அம்மா, அம்மா! ரொம்பவும் கோபித்துக் கொள்ளாதீர்கள். நம்முடைய கோயில் சிலைகளில் இல்லாததா? காவியத்தில் இல்லாத வர்ணனையா?" என்பார்கள். நல்ல கேள்விதான். தட்டிக் கழிக்கக் கூடாது. அதற்குப் பதில் சொல்லத் திருநெல்வேலிச் சீமையைவிட வசதியான இடம் கிடையாது.

பாளையங்கோட்டையைத் தாண்டித் திருச்செந்தூர்ச் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டிய வெங்கடாசலபதி கோயில் அங்கே இருக்கிறது. மண்டபத் தூண்களில் ஆள் உயரச் சிலைகள். அன்னத்தின் மேல் ரதி வீற்றிருக்கிறாள். கர்ணன் நிற்கிறான், அர்ச்சுனன் நிற்கிறான். ஓர் இளவரசனைக் குறத்தி ஒருத்தி தோளில் தூக்கிக் கொண்டு போகிறாள். மார்பை மறைக்க ரதிக்கு மேலாடை கிடையாது, வாஸ்தவம். ஆனால் கர்ணனுக்கு மட்டும் கோட்டும் தொப்பியும் போட்டிருக்கிறார்களா? அவனுக்கும் ஆபரணந்தான் மேலாடை. சிற்பி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம் வைத்திருக்கிறான். ஆச்சி கேட்ட கேள்வியைக் கிருஷ்ணாபுரத்தில் கேட்க முடியாது. ஆணுக்கு இரும்புக் கவசமும் பெண்ணுக்கு இரண்டு துண்டுத் துணியும் கொடுத்து இரண்டு பேரையும் ஒரே யுத்தத்துக்கு அனுப்புகிறார்களே, அந்த இரட்டைச் சட்டந்தான் இங்கே வழக்கு. தவிர, அந்தக் குறத்தியைப் பாருங்கள். ஆண்பிள்ளையைத் தோளில் சுமக்கிற பலம் அவள் இடுப்பிலும் காலிலும் தெரிகிறது. உடம்பு காட்டுவதற்கு மட்டும் அல்ல, காரியம் செய்வதற்கும் என்று கல்லே சொல்கிறது.

இனி, காவியம். தாமிரபரணியில் வந்து கலக்கும் சிற்றாறு குற்றாலத்தில்தான் அருவியாக விழுகிறது. அந்தக் குற்றாலத்தைப் பற்றி, பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. அதற்குப் பரிசாகக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. அதன் நாயகி வசந்தவல்லி எப்படி அறிமுகமாகிறாள் தெரியுமா? பந்தாடிக் கொண்டு! ஆம், சகோதரிகளே, விளையாடிக் கொண்டுதான் வருகிறாள். அவளைத் தலை முதல் கால் வரை கவிராயர் வர்ணிக்கிறார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. சிருங்கார ரசத்தில் இந்த நூலை மிஞ்ச இன்றைய ஆட்டங்களால் முடியாது.

ஆனால் வர்ணனையோடு அவர் நிறுத்திவிடவில்லை. வசந்தவல்லி வாய் திறக்கிறாள். குற்றாலநாதர் மேல் ஆசை கொள்கிறவள் அவள். நிலவைத் திட்டுகிறவள் அவள். மன்மதனோடு சண்டை பிடிக்கிறவள் அவள். தோழியைத் தூது அனுப்புகிறவளும் அவளே. பிறகு குறி சொல்ல வருகிறாள் சிங்கி. தன் மலையின் பெருமையை அவள் சொல்லும் தோரணையில் ஓர் அரசி தோற்றுப் போவாள். ஊர் ஊராய்ச் சென்று குறி சொல்லிச் சம்பாதித்து வருகிறாள். அவளைக் காணாமல் தேடித் திரிகிறவன் புருஷன் சிங்கன். 'இந்த நகை ஏது, அந்த நகை ஏது?' என்று அவன் கேட்கக் கேட்க, அவள் சொல்லுகிற பதில்களில் ஒன்றிலாவது பயம் உண்டா?

பழைய காலம் பெண்களுக்குப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. சிற்பியும் ஆண், கவிராயரும் ஆண். அவர்கள் கண்ணுக்கு அழகாய்ப் பட்டதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் படைத்த பெண்ணுக்கு ஆசை இருந்தது, கோபம் இருந்தது, தொழில் இருந்தது, வாய் இருந்தது. அழகாயிருப்பது குற்றம் அல்ல. சருமம் தெரிவதுகூடப் பிரதானக் குற்றம் அல்ல. ஆடுகிறவன் பார்ப்பதற்காக மட்டுமே ஒருத்தியைச் செய்து, அவளுக்கென்று ஒன்றும் வைக்காமல் விட்டதுதான் குற்றம். வசந்தவல்லி பந்தாடினாள், இவளோ பந்தாகி விட்டாள்.

"பொம்மைதானே? போகட்டும்" என்று விட்டுவிடலாமா? விடலாம், அந்த ஆட்டத்தில் பொம்மைகள் மாத்திரம் இருந்தால்! ஆனால் இது ஆன்லைன் ஆட்டம். ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஊரில் உயிருள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாலு பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து, மைக்கில் பேசிக் கொண்டே ஆடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் திடீரென்று ஒரு பெண் குரல் கேட்டால் என்ன நடக்கிறது? சில நல்ல பையன்கள் சாதாரணமாக ஆடிக் கொண்டிருப்பார்கள். ஒருவன் எந்த ஊர் என்பான். ஒருவன் போட்டோ கேட்பான். ஒருவன் ஆபாசமாகப் பேசுவான். தோற்றுவிட்டாலோ அவள் பெண் என்பதால்தான் தோற்றது! பொம்மையை எந்தக் கண்ணால் பார்த்துப் பழகினார்களோ, அந்தக் கண்ணாலேயே பொம்மைக்குப் பின்னால் இருக்கிற பெண்ணையும் பார்க்கிறார்கள். பாளையங்கோட்டைப் பெண் ஏன் மைக்கை மூடி வைத்துப் பையன் பெயரில் ஆடினாள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உலகம் முழுவதும் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். விளையாட்டுக்காகத் தன் பெயரைத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

வாய் திறந்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அனிதா சர்க்கீசியன் என்ற பெண்மணி, இந்த ஆட்டங்களில் பெண்களைக் காட்டும் விதத்தை ஆராய்ந்து படத் தொடர் ஒன்று தயாரிக்கப் போவதாக 2012-ல் அறிவித்தார். அதற்கே வசைமாரி பொழிந்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக் கழகத்தில் அவர் பேச இருந்தபோது, கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மிரட்டல் வந்தது. துப்பாக்கியோடு வருகிறவர்களைத் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். அவர் பேச்சை ரத்து செய்துவிட்டார். ஒரு பொம்மையின் உடையைப் பற்றிப் பேசியதற்கு இவ்வளவு ஆத்திரம் வருமானால், விஷயம் பொம்மையைப் பற்றியது அல்ல என்று தெரிகிறதா, இல்லையா?

நல்ல செய்தியும் உண்டு. அதே லாரா கிராஃப்ட் 2013-ல் புதிதாகப் பிறந்தாள். ரியானா பிராட்செட் என்ற பெண் எழுத்தாளர் கதை எழுதினார். முழுக் கால்சட்டை அணிந்து, சேற்றில் புரண்டு, பயந்து, பயத்தை வென்று வரும் பெண்ணாக அவள் மாறினாள். விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை. 2020-ல் புனாவில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனி 'ராஜி' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சர்க்கஸ்காரச் சிறுமி ஒருத்தி அசுரர்களோடு போராடித் தம்பியைத் தேடிப் போகிற கதை.

எல்லாவற்றையும்விட நமக்குப் பெருமை தருவது 'வெண்பா'. கானடா தேசத்து டொராண்டோவில் தமிழ் இளைஞர் ஒருவரின் தலைமையில் செய்து 2023-ல் வெளிவந்தது. நாயகி வெண்பா 1980-களில் புருஷனோடு கானடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண். ஒரு பிள்ளைக்குத் தாய். புடைவை கட்டிக் கொண்டு சமைக்கிறாள். இதுதான் ஆட்டம்! தாயார் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து அழிந்து கிடக்கிறது. இட்டிலித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது என்று ஆடுகிறவர்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நடுநடுவே, பிள்ளை தமிழை மறந்து கொண்டு வருகிற துக்கம். துப்பாக்கி இல்லை, தளுக்கு இல்லை. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா பரிசு, முதல் படைப்புக்கான பிரிவில் இந்த ஆட்டத்துக்குக் கிடைத்தது. நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிற பெண்ணை அவளுடைய மனத்தோடு சேர்த்துக் காட்டினால் உலகம் பார்க்கத் தயாராகவே இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்க இந்தியாவில் 1986-லேயே ஒரு சட்டம் உண்டு. ஆனால் அது விளம்பரம், புத்தகம், ஓவியம் இவற்றை மனத்தில் வைத்து எழுதியது. மின்னணு ஊடகங்களுக்கும் அதை விரிவாக்க 2012-ல் கொண்டு வந்த மசோதா 2021-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆகவே பொம்மையின் உடைக்காகப் போலீஸ் வராது. வரவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எது கலை, எது ஆபாசம் என்று இன்ஸ்பெக்டர் தீர்மானிக்கத் தொடங்கினால் கிருஷ்ணாபுரத்து ரதிக்கும் ரவிக்கை தைக்கச் சொல்வார்கள்! ஆனால் ஆட்டத்தின் நடுவே ஒரு சிறுமியிடம் யாராவது ஆபாசமாகப் பேசினாலோ படம் கேட்டாலோ அது விளையாட்டு அல்ல. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்கள் இருக்கின்றன. குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் வீட்டில் நடக்க வேண்டிய காரியம். ஆட்டத்தை இறக்கும் பக்கத்திலேயே 7+, 12+, 16+ என்று வயதுக் குறிப்பு இருக்கும். அரிசி வாங்கினால் கல் பார்க்கிற நாம், இதைப் பார்க்காமல் விடலாமா? முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதியை நிறுத்தி வைக்கவும், தொல்லை கொடுப்பவனைத் தடுத்துப் புகார் செய்யவும் பல ஆட்டங்களில் வழி உண்டு. கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவது கடைசி யோசனையாக இருக்கட்டும். பூட்டினால் முதலில் நின்று போவது பெண்ணின் ஆட்டந்தான். பையன் சிநேகிதன் வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வருவான்.

அதைவிட, ஒரு நாள் மாலை பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிரசங்கம் வேண்டாம். சும்மா கேளுங்கள்: "இவள் பேர் என்ன? இவளுக்கு என்ன வேணும்? இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு இவளால் ஓட முடியுமா? உன் தங்கை மைக்கில் பேசினால் உன் கூட்டாளி என்ன சொல்வான்? அப்போது நீ என்ன சொல்வாய்?" கடைசிக் கேள்விக்குப் பையன் உடனே பதில் சொல்ல மாட்டான். பாதகமில்லை. கேள்வி அவனோடு இருக்கும். ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பையன் கெட்டுப் போவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் கூடவே ஒருவர் கேள்வி கேட்டால் அவன் கண் திறக்கும் என்று நம்புகிறேன். பெண்ணிடமும் கேளுங்கள்: சொந்தப் பெயரில் ஆடுகிறாளா, இல்லையா என்று.

ஆடுகிற பெண்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தப் பெயரில் ஆடுகிறீர்கள், மைக்கைத் திறந்தபோது என்ன நடந்தது, கூட ஆடிய பையன்களில் யாராவது உங்களுக்காகப் பேசினார்களா? இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். போடச் சொன்னால் சந்தோஷமாகப் போடுவோம்.